பரணிலிருந்த குழலும் மேசைமேல் அச்சும்

சென்ற மாதம் இப்பகுதியில், ஊருக்குப் பார்சல் அனுப்புவோர் முகவரியை எவ்வாறு எழுதவேண்டும் என்பது பற்றி எழுதியிருந்தோம். உடையும் பண்டங்களைக் கட்டும் முறையை இம்மாதம் கூறுவதாக வாக்களித்தும் இருந்தோம். அவ்வாக்கை ஒரு மாதம் ஒத்திவைக்க நேர்ந்தமைக்கு நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இடையே நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது. அதன்பின் மூன்று வார காலம் நம் வீட்டில் வேறு பேச்சில்லை.

நடந்தது இதுதான். வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்குச் சுண்டல் வழங்கும் நேரம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் தன் பையிலிருந்து கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துத் தோழர்களுக்குக் காட்டினான். சாம்பல் நிறம், அளவிலும் அமைப்பிலும் அசலேதான். சுண்டல் பாத்திரத்தை ஏந்தியிருந்த அம்மையார் "ஐயோ" என்று அலறி அதைக் கீழே போட்டுவிட்டார். இரு தாய்மார் தம் பிள்ளைகளைக் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வெளியேறிவிட்டனர்.

இதனை மிகை என்று நாம் கருதவில்லை. பையிலிருந்து எதிர்பாராத பொருள் ஒன்று வெளிவந்தால் நெஞ்சு திடுக்கிடும் ஊராகவே நம் பெங்களூர் ஆகிவிட்டது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், ஒரு ஞாயிறு மாலை, சர்ச் தெருவில் நடைபாதையோரம் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார். 2024 மார்ச் 1-ஆம் நாள் புரூக்ஃபீல்டில் உள்ள ராமேஸ்வரம் கஃபேயில் யாரோ விட்டுச் சென்ற பை நண்பகலில் வெடித்துப் பலரைக் காயப்படுத்தியது. அந்தப் பகுதியில் வேலைக்குச் செல்வோர் நம் உறுப்பினர் வீடுகளில் பலர். அன்று பகல் முழுவதும் தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். இவ்விரண்டு குண்டும் எந்தப் படைக்கலத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டவையல்ல, கையால் ஆக்கப்பட்டவையே.

நிற்க. நாம் அச்சிறுவனிடம் சென்று பொருளை வாங்கிப் பார்த்தோம். எடையே இல்லை. குழலில் துளையும் இல்லை. விசையை இழுத்தால் ஒரு ரப்பர் வளையம் தெறித்து விழும், அவ்வளவே.

"எங்கேயப்பா வாங்கினாய்?" என்று கேட்டோம்.

"வாங்கலை மாமா. ஸ்கூல்ல பிரிண்ட் பண்ணினேன்" என்றான்.

அச்சடித்தல் என்றால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்குத் தெரிந்தவை பயணச் சீட்டும், கலியாணப் பத்திரிகையும், இந்த இதழும்தான். துப்பாக்கியை அச்சடித்தேன் என்று ஒருவன் சொன்னால் படத்தைச் சொல்கிறான் என்றே கொள்வோம். ஆனால் பொருள் கையில் இருக்கிறது. அவன் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடம் என்று ஒன்று உண்டாம். நாடெங்கும் 10,000 பள்ளிகளுக்கு அரசு வழங்கிய அமைப்பு அது. அங்கே மேசைமேல் வைக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. கலம், சக்கரம், பொம்மை, தலைவர் சிலை என்று கணிப்பொறியில் வரைந்த எதையும் அது பிளாஸ்டிக்கில் ஆக்கிக் கொடுத்துவிடும்.

இதன் வேலை முறை விளங்காதவர்கள், இன்று வீட்டில் இடியாப்பம் பிழியும்போது சற்று நின்று கவனிப்பார்களாக. ஒரே துளையுள்ள குழலில் மாவை இட்டு, தட்டின்மேல் கோடாகப் பிழிந்து, அதன்மேல் மற்றொரு கோடு, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் சுவர் எழும்பும் அல்லவா? அதுவேதான். மாவுக்குப் பதில் பிளாஸ்டிக் இழை. அது ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தில் உருகி வருகிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம். பிழிபவர் கைக்குப் பதில் கணிப்பொறி. இவ்வித்தையைப் பெரிய அளவில் காண விரும்புவோர் அதிக தொலைவு போக வேண்டியதில்லை. நம் தொம்மலூருக்கு அடுத்த கேம்பிரிட்ஜ் லேஅவுட்டிலுள்ள அஞ்சலகக் கட்டடம் இப்படி அச்சிடப்பட்டதே. சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப வழிகாட்டலில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தார் 1,021 சதுர அடிக் கட்டடத்தை 43 நாளில் எழுப்பினர். 2023 ஆகஸ்ட் 18-ஆம் நாள் திறந்தனர். சுவரை உற்று நோக்கினால் இடியாப்பத் தட்டுப்போல வரிவரியாகத் தெரியும். நாம் பன்முறை பதிவுத் தபால் அனுப்ப அவ்வரிசையில் நின்றிருந்தும், அந்த வரிகளைச் சித்திர வேலை என்றே எண்ணியிருந்தோம்! சென்னையில் ஐ.ஐ.டி.யின் நிழலில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தார், ஒரே துண்டாக அச்சிட்ட எந்திரம் பூட்டிய ராக்கெட்டை 2024 மே 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவியும் காட்டினர்.

ஆகவே கருவி தீயதென்று கூற நமக்கு வாய் எழவில்லை. ஆனால் சிறுவனின் தந்தை – ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர், நல்லவர் – நம்மைத் தனியே அழைத்துக் கேட்ட கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. "பொம்மையைச் செஞ்ச மெஷினு நிஜத்தையும் செய்யுமாண்ணா?"

செய்யும் என்பதே உண்மையான விடை. அதை மறைப்பதில் பயனில்லை. 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சட்டம் பயின்றுவந்த ஓர் இளைஞர், ஏறத்தாழ முழுவதும் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட துப்பாக்கியால் குண்டு ஒன்றைச் சுட்டுக் காட்டினார். அதன் வரைபடத்தையும் இணையத்தில் வைத்தார். 'லிபரேட்டர்', அதாவது விடுவிப்போன், என்பது அதற்கு அவர் இட்ட பெயர். அப்பெயர் பழையது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், எதிரி வசப்பட்ட நாடுகளில் போராடும் மக்களிடம் சேர்ப்பதற்கென்று, ஒன்று இரண்டு டாலர் செலவில் பத்து இலட்சம் கைத்துப்பாக்கிகளை அமெரிக்கர் செய்து குவித்தனர். அவற்றின் பெயர் அது. அமெரிக்க வெளிநாட்டுத்துறை தலையிட்டு வரைபடத்தை எடுக்கச் செய்வதற்குள், இரண்டே நாளில் ஒரு இலட்சம் முறைக்கு மேல் அது பிறர் கைக்குப் போய்விட்டது. அவிழ்த்துவிட்ட நெல்லி மூட்டை! பொறுக்கி முடியுமா?

அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஜப்பானில், காவாசாகி நகரத்தவர் ஒருவர் இவ்வாறு துப்பாக்கிகளை அச்சிட்டு வைத்திருந்ததாகக் கைதானார். யோகொஹாமா நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது. 2019 அக்டோபர் 9-ஆம் நாள் ஜெர்மனியின் ஹாலே நகரில், யூதர்களின் புனித நாளில், அவர்களின் வழிபாட்டு இல்லத்துக்குள் புக முயன்ற கொலைகாரன் ஒருவன் வைத்திருந்தவை வீட்டில் செய்த துப்பாக்கிகள். அவற்றின் சில உறுப்புகள் அச்சுப்பொறியில் பிறந்தவை. மரக்கதவு உறுதியாக நின்றதாலும் துப்பாக்கிகள் பன்முறை இயங்க மறுத்ததாலும் உள்ளிருந்தோர் பிழைத்தனர். வெளியே இருவர் மாண்டனர்.

இங்கே ஒன்று கூறவேண்டும். 2022 ஜூலை 8-ஆம் நாள், ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே, நாரா நகரில் தெருவோரம் பேசிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகிலேயே துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் ஒன்று ஜப்பான். கொன்றவன் கையிலிருந்தது அவனே வீட்டில் ஆக்கியது. அதில் அச்சுப்பொறிக்கு வேலையில்லை. கடைகளில் எவரும் வாங்கத்தக்க சாதாரணப் பொருள்களே போதுமாயிருந்தன. எனவே, எந்திரம் வந்ததால்தான் ஆபத்து வந்தது என்போர் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பின்னோக்கிப் பார்க்க நமக்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரணே போதும்.

இதை இதுவரை நாம் எவரிடமும் சொன்னதில்லை. நம் குடும்பம் தொம்மலூருக்கு வந்ததற்கே ஒரு கள்ளத் துப்பாக்கிதான் காரணம்.

நம் பூர்வீகம் கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டிப் பக்கத்தில் காட்டோரக் கிராமம். கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் வானம் பார்த்த பூமி. காட்டுப்பன்றி இறங்கினால் ஓர் இரவில் ஓர் ஏக்கர் போய்விடும். ஆகவே பல வீடுகளில், வாய்வழியே மருந்து கிட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கும். உள்ளூர்க் கொல்லர் செய்து கொடுத்தது, உரிமம் கிடையாது. நம் பாட்டனார் காலத்து உருப்படி ஒன்று நம் வீட்டிலும் இருந்தது. 1993-இல் நிலக்கடலை முற்றிய பருவத்தில், பரணில் காவலிருந்த நம் தந்தையார் பன்றியின் ஓசை கேட்டு அதைச் சுட்டார். குண்டு முன்னே போகவில்லை. குழல் பின்னே பிளந்தது. இடக்கை விரல் இரண்டு அக்கணமே போயின. இடச்செவி அன்றிலிருந்து கேட்பதில்லை. நமக்கு அப்போது நான்கு வயது. இரவோடிரவாகத் தந்தையைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனதும், ஆஸ்பத்திரியில் "மரம் வெட்டும்போது" என்று பொய் சொல்லும்படி அனைவருக்கும் பாட்டி சொல்லிவைத்ததும் கனவு போல நினைவிருக்கின்றன. உண்மையைச் சொன்னால் வழக்கு. சொல்லாததால் வைத்தியம் தாமதம். ஏர் பிடிக்க இயலாத கையோடு அடுத்த ஆண்டு தந்தை இங்கு வந்து, எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குக் காவலாளியானார். பின்னால் நாங்கள் வந்தோம்.

அத்துப்பாக்கி வெடித்ததேன்? அதன் குழல் வேறெதற்கோ செய்யப்பட்ட இரும்பு. மருந்து எரியும்போது கண்ணிமைப்பில் எழும் அழுத்தத்தைத் தாங்கவென்று அது ஆக்கப்படவில்லை. தொழிற்சாலையில் செய்யும் குழலை, வழக்கத்துக்கு மிகுதியான மருந்தால் சுட்டுச் சோதித்து, முத்திரையிட்ட பிறகே வெளியே விடுவர். நாட்டுக் கொல்லரிடம் அச்சோதனை இல்லை. சுடுபவனின் கையே சோதனைச்சாலை. இரும்புக்கே இக்கதி என்றால் பிளாஸ்டிக்கைச் சொல்லவேண்டா. பொம்மைகள் அச்சிடப் பயன்படும் பிளாஸ்டிக் 60 பாகை வெப்பத்தில், அதாவது வெயிலில் நிறுத்திய காருக்குள்ளேயே, இளகத் தொடங்கிவிடும். 2013-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறையினர் அந்த 'விடுவிப்போ'னை அச்சிட்டுச் சோதித்தபோது ஒன்று சிதறிப்போயிற்று. அமெரிக்க அரசின் சோதனையிலும் ஒன்று அவ்வாறே வெடித்தது. இதைத்தான் ஆட்டோக்காரரின் மகனுக்கு நாம் முதலில் எடுத்துச் சொன்னோம். பிறரைக் கொல்லும் என்று சொன்னால் பதினான்கு வயதுக்கு அது கதை. "உன் விரல் போகும், வந்து எங்கள் அப்பாவின் கையைப் பார்" என்று அழைத்துப் போய்க் காட்டினோம். பையன் நெடுநேரம் பேசவில்லை.

துப்பாக்கியோடு நின்றாலும் பரவாயில்லை. பன்றிக்கென்று பண்டத்துக்குள் பொதித்து வைக்கும் அவுட்டுக்காய் இருக்கிறதே, அதற்குப் பன்றி எது, பசு எது, பிள்ளை எது என்று தெரியாது. 2020 மே மாதம் பாலக்காட்டுக் காட்டில், வெடி பொதிந்த பண்டத்தைக் கடித்து வாய் சிதைந்த சூல்கொண்ட யானை, வலி தாளாமல் வெள்ளியாற்று நீரில் நின்றபடியே 27-ஆம் நாள் உயிர் விட்டதை நாடே கண்டு கலங்கிற்று. அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, நம் திருச்சி மாவட்டம் தொட்டியத்தை அடுத்த அழகரையில், மீன் பிடிப்பதற்கென்று வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த நாட்டுவெடியைத் தின்பண்டம் என்று எண்ணிக் கடித்து ஆறு வயதுப் பாலகன் மாண்டான். யானைக்கு அழுத அளவு அப்பிள்ளைக்கு நாடு அழுததாக நமக்கு நினைவில்லை. அதை ஒரு குறையாகவே இங்கு பதிந்துவைக்கிறோம்.

படைக்கலம் செய்வது நம் மக்களுக்குப் புதிய தொழிலன்று. இதே பெங்களூரின் தாராமண்டல்பேட்டையில் ஹைதர், திப்பு காலத்தில் ராக்கெட் வாணங்கள் செய்யப்பட்டன. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படையைக் குலைத்தவை அவ்வாணங்களே. 2018-இல் சிவமொக்கா மாவட்டத்து நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது அவ்வகை வாணக் கூடுகள் ஆயிரத்துக்கு மேல் துருவேறிக் கிடைத்தன. 1801 டிசம்பரில் கும்பினியார், பாளையக்காரர் வீழ்ந்த கையோடு, தென்னாட்டில் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்து அறிக்கை விட்டனர். அதனால், ஆயுதச் சட்டம் என்றாலே அடிமைச் சட்டம் என்ற எண்ணம் நம் பெரியவர்களில் சிலருக்கு இன்னும் உண்டு. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி அது நியாயமான எண்ணமே. ஆனால் இப்போதுள்ளது நம்மவர் 1959-இல் இயற்றியது.

இச்சட்டத்தைப் பற்றி நாம் நூலகத்தில் அமர்ந்து, விளங்காததை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்தவற்றைக் கூறுகிறோம். வெடிமருந்தாலோ வேறு விசையாலோ எறிபொருளைச் செலுத்தவென்று அமைந்த எதுவும் துப்பாக்கியே. அதன் உறுப்புகளும், அதைச் செய்வதற்கான எந்திரமும்கூட அச்சொல்லில் அடங்கும். எந்தப் பொருளால் செய்தது என்று சட்டம் கேட்கவில்லை. ஆகவே அச்சுப்பொறியைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதிய சட்டம், பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் செல்லும். உரிமமின்றிச் செய்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஏழாண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை. உரிமமின்றி வைத்திருப்பதற்கே பெரும்பாலும் இரண்டாண்டுக்குக் குறையாது. "விளையாட்டாகச் செய்தேன்" என்று கூறித் தப்பலாம் என எவரும் எண்ணவேண்டா. சிங்கப்பூரில் உறவினருள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு இதையும் எழுதட்டும்: அங்கே 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கியின் வரைபடக் கோப்பைக் கணிப்பொறியில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். நியூ சவுத் வேல்ஸில் 2015 முதலே அப்படித்தான். நண்பர் அனுப்பினார், நான் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதெல்லாம் காவல்நிலையத்தில் சொல்லிக்கொள்ள வேண்டிய சமாதானங்கள்.

பொம்மைத் துப்பாக்கிக்கு வருவோம். அது சுடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பார்ப்பவர் அதைச் சுடும் என்று நம்புவார்களே, அதுதான் ஆபத்து. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனை, அசல் என்று எண்ணிய காவலர், வந்து இறங்கிய இரண்டொரு நொடிக்குள் சுட்டுவிட்டார். பிள்ளை மறுநாள் இறந்தான். நம் பையன் அந்தச் சாம்பல் நிறப் பொருளோடு அல்சூர் மெட்ரோ நிலையத்துச் சோதனை வாயிலில் நின்றிருந்தால்?

சங்கக் குழு கூடியது. பையனை வகுப்பிலிருந்து நீக்கவேண்டும் என்றார் ஒருவர். பள்ளிக்கு எழுதி அச்சுப்பொறியையே பூட்டச் சொல்லவேண்டும் என்றார் மற்றொருவர். பிள்ளைக்கு எந்திரம் இயக்கத் தெரிந்திருப்பதை எண்ணிப் பூரிப்பதா, அஞ்சுவதா என்று தெரியாமல் ஆட்டோக்காரர் மூலையில் நின்றிருந்தார். நாம் எழுந்து பேசினோம். நன்றாகப் பேசினோம் என்று சொல்லமாட்டோம். நம் தந்தையின் கையைப் பற்றி முதன்முறையாக அந்தக் கூடத்தில் கூறினோம். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. பையன் துப்பாக்கியைத் தானே இரண்டாக உடைத்துச் செயலாளரிடம் கொடுத்தான். பள்ளி ஆசிரியரிடம் அவன் தந்தையும் நாமும் சென்று பேசினோம். இனி என்ன வரைகிறார்கள் என்பதை முன்னரே பார்த்த பிறகுதான் பொறியை இயக்க விடுவதாக அவர் ஏற்றுக்கொண்டார். வகுப்பின் சுவர்க் கடிகாரத்துக்கு உடைந்துபோன மாட்டி ஒன்றை அவன் அச்சிட்டுத் தருவதாக இருக்கிறது. இன்னும் வரவில்லை.

கூட்டம் முடிந்து வீடு திரும்பினால், ஊரிலிருந்து தொலைபேசி. உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்போர் மீது வழக்கில்லை என்று காவல்துறை அவ்வப்போது கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் மாவட்ட மலையூர்களில் அறிவிப்பதுண்டு. இம்முறையும் தண்டோரா போட்டிருக்கிறார்கள். "பெரியப்பா மாட்டேன் என்கிறார், நீங்கள் வந்து சொல்லுங்கள்" என்று அண்ணன் மகன் அழைக்கிறான். நமக்கு விளங்கவில்லை. "எதை?" என்றோம். அப்போதுதான் தெரிந்தது. 1993-இல் பிளந்த அதே துப்பாக்கிக்குக் கொல்லரிடம் வேறு குழல் பொருத்தி, முப்பதாண்டுக்கு மேல் பெரியப்பா பரணில் வைத்திருக்கிறார்.

தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல செவியைத் தொலைபேசிப் பக்கம் திருப்பியிருந்தார். "நானும் வர்றேன்" என்றார்.

ரயில்வேக்காரனானாலும் அஞ்செட்டிக்குப் பஸ்தான். ஒசூரில் மாறி, மலைப்பாதையில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெரியப்பா வாதத்தில் சளைத்தவரல்லர். "பன்றிக்கு நீ வந்து காவல் நிற்பாயா?" என்றார். அவர் கேட்டதில் நியாயமில்லாமல் இல்லை. 2025-இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று முடிவு செய்தது. ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. பெரியப்பாவின் நிலம் காட்டு வேலியை ஒட்டியது. பன்றி அதிகம் வரும் இடத்தில்தான் பரிகாரம் இல்லை! பயிர்க்காவலுக்கென்று வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடப்பது என்கிறார் அவர். பக்கத்துக் குடகு நாட்டில் கொடவருக்கு உரிமமே வேண்டாமென்று ஆங்கிலேயர் காலந்தொட்டு விலக்கு உண்டே, நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்றும் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

விடை சொன்னவர் தந்தையே. அவர் ஒன்றும் வாதிக்கவில்லை. "அண்ணா, உன் பேரன் எங்கே படுக்கிறான்?" என்று மட்டும் கேட்டார். பரணுக்கு நேர் கீழேதான் பாய் விரித்திருந்தது.

காலையில் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லியனுப்பினோம். நாமே எடுத்துச் செல்லவில்லை. அறிவிப்பு இருந்தாலும் வழியில் பிடிபட்டால் யாருக்குக் கதை சொல்வது? காவலர் இருவர் வந்தனர். பெரியப்பா ஏணியில் ஏறிக் கோணியில் சுற்றியதைக் கீழே நீட்ட, தந்தை மூன்று விரல் இடக்கையால் வாங்கி அவர்களிடம் கொடுத்தார். மருந்து ஏறியிருக்கிறதா என்று பார்த்த காவலர் முகம் மாறினார். ஏறித்தான் இருந்தது, எத்தனை ஆண்டாகவோ தெரியாது. அனைவரையும் வாசலுக்குப் போகச் சொன்னார்கள்.

தொழில் பழக்கம் விடுமா? "ஒப்படைத்ததற்கு ரசீது வேண்டும்" என்று நாம் கேட்டோம். காவலர் சிரித்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார். நாள், பொருள், ஒப்படைத்தவர் பெயர் எல்லாம் முறையாக இருந்தன. இதைப் படிக்கும் அன்பர்களில் யார் வீட்டுப் பரணில் எது இருக்கிறது என்று நாம் கேட்கப்போவதில்லை. ஊருக்குப் போகையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கண்டால் தொடாமல், சுமந்து ரயிலேறாமல், அங்குள்ள அதிகாரிக்குச் சொல்லுங்கள். வெடிபொருளை ரயிலில் கொண்டுவருவது 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரியது. தீபாவளிக்கு ஒசூர்ப் பக்கமிருந்து மலிவு விலைப் பட்டாசைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவருவோர்க்கும் இது பொருந்தும். 2023 அக்டோபர் 7-ஆம் நாள் அத்திப்பள்ளிக் கிடங்கில் வெந்துபோன பதினான்குக்கு மேற்பட்டோர் பெரும்பாலும் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்து நம் பிள்ளைகள்தாம் என்பதை மறந்திருக்கமாட்டீர்கள்.

ரசீது பெரியப்பாவிடமே இருக்கிறது. நிலப் பட்டாவோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருப்பதாக அண்ணன் மகன் சொன்னான். பன்றி மட்டும் போன வாரமும் இறங்கிற்றாம்.

உடையும் பண்டங்களைக் கட்டும் முறை அடுத்த இதழில்.